இடது கைக்குத் தேய்ந்த நிப்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. வலது கண்ணைத் தவிர இங்கே எல்லாம் நலம், அந்தக் கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து பதினோரு நாளாகிறது, எழுத்து பெரிசாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், மாடி ஏறாதே என்றால் சரி என்பாள், நான் குளிக்கப் போனதும் ஏறிவிடுவாள். எதிர்வீட்டு டெய்லர் புது மெஷின் வாங்கியிருக்கிறார், சத்தம் குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை.

போனில் தாத்தா பேனாவை அனுப்பச் சொன்னாய். புது கிளினிக்கில் முதல் மருந்துச் சீட்டை அதில்தான் எழுதுவேன் என்றாய், நானும் ஆகட்டும் என்றேன். அந்தப் பேனா வராது. உன் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு மேலே படி.

தாத்தா மருந்துக்கடையில் முப்பத்தாறு வருஷம் சீசாக்களுக்கு லேபிள் எழுதினார், எல்லாம் இடது கையால். நிப்பு அவர் கைக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. நான் எழுதினால் காகிதத்தைக் கீறும், இல்லாவிட்டால் மை கக்கும். அவர் போனபோது தம்பி அதைக் கேட்டான், மூத்தவனுக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவனும் இடது கைக்காரன். அப்போதே அது எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் கழுவி, மை ஊற்றி, சட்டைப் பையில் குத்திக்கொண்டு ஆபீஸ் போனேன். எழுதியதெல்லாம் பால்பாயின்டில். இருபத்தெட்டு வருஷம் இப்படி.

ஆபரேஷன் அன்று சம்மதப் படிவத்தில் உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். கூட வந்தவன் தம்பிதான். கவுன்டரில் நூலில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை, நான் பழக்கதோஷத்தில் என் பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன். அவன் இடது கையில் அது தடங்கலே இல்லாமல் ஓடியது. சுழிப்பு, சாய்வு எல்லாம் அப்படியே எங்கள் அப்பா எழுத்து. நர்ஸ் கூட நல்ல கையெழுத்து சார் என்றாள். அவன் மூடியைத் திருகி என்னிடமே திருப்பிக் கொடுத்தான். நானும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

கட்டுப் பிரித்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். வாங்கமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பாப்பாவுக்குன்னு சொல்லி வச்சிருந்தியே, அவகிட்ட கேட்டியா என்றான். கேட்டேன்டா, சந்தோஷமா குடுக்கச் சொல்லிட்டா என்றேன். அதற்கப்புறம்தான் கையை நீட்டினான். பேப்பர் ஓரத்தில் எழுதிப் பார்த்தான், இடம் தீரும்வரை நிறுத்தவில்லை. நான் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு வேறு நல்ல பேனா வாங்கி அனுப்புகிறேன், வலது கைக்கு. கிளினிக் நன்றாக நடக்கட்டும், உன் கை பட்டவர்கள் சீக்கிரம் எழுந்து நடமாடட்டும். மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு. சித்தப்பா போன் செய்தால், ஆமாம், நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று சொல்லிவிடு. திட்டவேண்டும் என்றால் எனக்கு எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். அவனுக்கு மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொன்ன
அப்பா