எட்டுப் பெயரும் ஒரு வரியும்

அம்மா,

இன்று காலை என் சிற்பக் கடைக்கு ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். என் மகன் கைபேசியை மேசை நடுவில் வைத்தான். அவர்கள் பேசப் பேச அது தமிழில் சொன்னது. அந்த அம்மாள் கணவரிடம், "இந்த ஆள் விலையைக் கூட்டிச் சொல்கிறான்" என்று முணுமுணுத்ததையும் விடாமல் சொன்னது. சிரித்துவிட்டேன். பிறகு உங்கள் நினைப்பு வந்து வேலை ஓடவில்லை. அன்று உங்கள் ஆங்கிலத்துக்கும் அந்த மீனவப் பெரியவரின் தமிழுக்கும் நடுவே இருந்தது நான்.

நான் படாளத்தில் வயலை விட்டு வந்து, மாமல்லபுரத்தில் கல் வியாபாரத்தில் கால் ஊன்றியிருந்த சமயம். கனடாவிலிருந்து ஒரு சின்ன மாக்கல் யானையோடு வந்தீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உங்கள் அண்ணன் இங்கே வாங்கி அனுப்பியது. அதைப் புரட்டிப் பார்த்து என்ன விலை போகும் என்று நான் யோசிக்கும்போதே, "விற்க வரவில்லை" என்றீர்கள்.

அண்ணனைப் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. கனடாவில் கோதுமை விளையும் ஊர். படிப்பு சுமார், ஆனால் டிராக்டரைப் பிரித்துப் போட்டால் திரும்பப் பூட்டிவிடுவார். பத்தொன்பது வயதில் விமானம் ஓட்டக் கற்று, இருபத்திரண்டில் எட்டுப் பேர் போகிற குண்டுவீச்சு விமானத்துக்கு அவர்தான் விமானி. சென்னைப் பக்கத்திலிருந்து கிளம்பிப் பர்மா வரை போய்க் குண்டு போட்டுத் திரும்ப வேண்டும். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் போர் இருக்காது. வியர்வை, இளநீர், கடல் குளியல். ஒரு நாள் 'கடலில் காணவில்லை' என்று தந்தி வந்தது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கென்று விட்ட இடம் சும்மாவே கிடந்தது. அதில் வைக்க இந்தக் கரையின் கல் வேண்டும் என்றீர்கள். கடைசியில் அவருக்கு என்ன ஆனது என்று தெரிந்தால் அதையும் ஒரு வரியாக வெட்ட வேண்டும் என்றீர்கள்.

குப்பம் குப்பமாக விசாரித்தேன். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு பெரியவர், கல்யாணமான புதிதில் ஒரு விமானம் விழுந்ததைப் பார்த்தவர், கிடைத்தார். அவர் சொன்ன காலம் தந்தியோடு ஒத்துப்போனது. படகு நிழலில் உட்கார்ந்து அவர் சொன்னது இது:

"நாலு பேரு கட்டுமரத்துல இருந்தோம். ஏரோப்ளேன் தண்ணில உக்காந்தா மாதிரி வந்து மூக்கு குத்திகினு உள்ள பூட்ச்சி. ஒரே ஆளு வெளிய வந்தான். கைய தூக்கி தூக்கி காமிச்சிகினே நீஞ்சி வந்தான். ஜப்பான்காரனா இருந்தா இன்னா பண்றதுன்னு பயம். மரத்த திருப்பிட்டோம். அப்பாலிக்கா மனசு கேக்காம போய் பாத்தா ஆளு இல்ல. அத சொல்லு அந்தம்மாகிட்ட."

நான் உங்களிடம் சொன்னது: "உடனே போய்விட்டார். வலி இல்லை."

"அப்டியே சொன்னியா நைனா?" என்று பெரியவர் கேட்டார்.

"சொல்லிட்டேன்."

"கோவிக்கலியா?"

"இல்ல."

இரக்கம் என்றுதான் அன்று நினைத்தேன். பாதி அப்படித்தான். அழுகிற வயதான பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. கல்லை வேண்டாம் என்று போய்விடுவீர்களோ என்ற யோசனையும் இருந்தது.

மறுநாள் நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்த வரி: 'ஒரு கணத்தில் இறந்தான்.' என் ஆள் அதைக் கல்லில் சாக்கட்டியால் எழுதி உளியை எடுத்துவிட்டான். நான் விலையில் பொய் சொல்வேன். கல்லில் பொய்யை வெட்டி விற்றதில்லை. அவனை நிறுத்திவிட்டு உங்கள் லாட்ஜுக்கு நடந்தேன்.

பெரியவர் சொன்னதை முழுதாகச் சொல்லி முடித்தேன். "அவர் கையைக் காட்டி அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் கொடுத்தது இரண்டு வாக்கியம். எனக்குத் தமிழ் தெரியாது, எண்ணத் தெரியும்" என்றீர்கள்.

மறுபடி போனோம். நான் மாற்றிச் சொன்னதைப் பெரியவரிடமும் ஒப்புக்கொண்டேன். "ஏண்டா அப்டி பண்ண? அத சொல்லத்தானேடா உக்காந்துகினு கீறேன்" என்றார். இந்த முறை நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்: "உங்களுக்கும் பயமாக இருந்திருக்கும். அது என் அண்ணனா என்று எனக்குத் தெரியாது. எட்டுப் பேரில் ஒருவர். யாரோ ஒருத்தியின் அண்ணன்." அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு டீ வாங்கி வரும்படி மருமகளை விரட்டினார்.

கல்லில் எட்டுப் பெயரும் வெட்டச் சொன்னீர்கள். அகர வரிசையில் உங்கள் அண்ணன் ஆறாவது. கீழே ஒரே வரி: 'இவர்களில் ஒருவர் கரையை நோக்கி நீந்தினார்.'

நீங்கள் ஊருக்குப் போன பிறகு, கல்லை அனுப்பப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்கிற அன்று பெரியவர் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். படிக்கத் தெரியாது. எழுத்துகளை விரலால் தடவினார். நான் பெயர்களையும் அந்த வரியையும் தமிழில் சொன்னேன்.

"நாங்க திரும்புனத எழுதலியா?"

"வேணாம்னு சொல்லிட்டாங்க."

என் முகத்தையே பார்த்தார். "அந்தம்மா சொன்னாங்களா, நீயா சொல்றியா?"

"சத்தியமா அந்தம்மாதான்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்று தெரியவில்லை. அடுத்த மழைக்காலம் அவர் இல்லை. சில வருஷங்களில் நீங்களும் இல்லை. வேண்டாம் என்றது நீங்கள்தான் என்று நான் அன்று அவரிடம் சொன்னது நிஜம் அம்மா. அதற்குச் சாட்சி சொல்ல நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.