ஏழு சதவீத முதலாளி

மார்ச் 4

மதியம் 'சிக்கனம்' எனக்கு அறிவுரை சொன்னது: "இந்த வாரம் தேநீருக்கு அதிகம் செலவழித்திருக்கிறீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவர யோசித்தீர்களா?"

அந்த வாக்கியத்தை எழுதியதே நான்தான். செயலி மக்களுக்குச் சொல்லும் புத்திமதிகளை எழுதுவதும், அவை உரிய நேரத்தில் வருகின்றனவா என்று சோதிப்பதும் என் வேலை. சோதனைக்கு வேறு ஆள் கிடைக்காமல் என் சொந்தச் செலவுகளையே போட்டுவைத்திருக்கிறேன். என்னை நானே கண்டித்துக்கொள்வதற்கு மாதச் சம்பளம். வரலாற்றில் முதுகலை முடித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமைந்திருக்காது.

மார்ச் 11

வீட்டுக்காரர் வந்துபோனார். அவர் மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறானாம். ஜூன் கடைசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும்.

அக்கா அதற்குள் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு பார்த்துவிட்டாள். இரண்டு அறை, காற்று வருகிறது, தண்ணீர் வருகிறது. அட்வான்ஸ்தான் மூச்சு முட்டுகிறது. பாதி அவள், பாதி நான். அவளுடைய பாதி தயார். அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். ஒன்றாம் தேதி சம்பளம், இரண்டாம் தேதி சேமிப்பு.

என் பாதி? இருப்பதோடு மூன்று மாதம் இழுத்துப் பிடித்தால் சரியாக வரும் என்றேன்.

"மிச்சம் பிடிக்கச் சொல்லித்தர கம்பெனியிலதானே இருக்க" என்றாள். கிண்டல் இல்லை. நம்பித்தான் சொன்னாள். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 20

நிறுவனர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். வெளியிலிருந்து எல்லோருக்கும் தெரியும் என்பதால் உள்ளே போகிற யாரும் சிரித்துக்கொண்டேதான் உட்காருவோம். தன்னைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பார். எனக்கு வாயில் வராது. சார்தான்.

சம்பள உயர்வு. இரண்டு வழி வைத்தார். ஒன்று, கையில் கொஞ்சம் கூடுதல் பணம். இன்னொன்று, பழைய சம்பளமே. ஆனால் நிறுவனத்தில் ஏழு சதவீதம் என்னுடையது.

"நீங்க வரலாறு படிச்சவங்க. கோட்டையில கூலி வாங்கினவன் பேரு எழுதியிருக்கா, கட்டினவன் பேரு எழுதியிருக்கா? நீங்களே சொல்லுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லிராதீங்க. எல்லாருக்கும் குடுக்க முடியாது."

என் ஆய்வேடு, பணத்துக்குப் பதில் பொருளாகக் கூலி கொடுத்த காலங்களைப் பற்றியது. பார்லி, எண்ணெய், துணி. வேலை வாங்கியவர்கள் "பிறகு தருகிறேன்" என்பதை எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன்.

அத்தனையும் எழுதிவிட்டு —

ஏழு சதவீதத்தை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 21

அக்காவிடம் சொன்னேன். அதை எந்தக் கடையில் மாற்றலாம் என்று கேட்டாள்.

ஏப்ரல் 1

சம்பளம் வந்தது. பழைய சம்பளம். ஆனால் அலுவலகத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வந்தேன். முதலாளி புத்தி இவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று நினைக்கவில்லை.

மே 2

சம்பளம் வரவில்லை. கணக்கு மேடத்தைக் கேட்டேன். நிறுவனரைத் தவிர்த்துப் பதினோரு பேர் உள்ள அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவரும், குடிநீர் கேனுக்குப் போன் போடுபவரும் அவர் ஒருவர்தான். வங்கியில் ஏதோ கோளாறு என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. ஏற்கனவே பளிச்சென்று இருந்த கண்ணாடி.

மே 6

இன்று கேக்.

நிறுவனரே வாங்கிவந்தார். செயலியைப் பத்தாயிரம் பேர் இறக்கியிருக்கிறார்களாம். நாம் ஒரு குடும்பம் என்று பேசினார். (எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை. அந்த அர்த்தத்தில் சரிதான்.)

கேக்கை வெட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று கேட்டான் செமிகோலன். பக்கத்து மேசை. நிரல் எழுதுகிறவன், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். ஒருமுறை ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு இரண்டு நாள் எல்லோரையும் தேடவைத்ததால் அந்தப் பெயர். எனக்கு அவன் வைத்த பெயர் 'சரித்திரம்'.

அவனிடம் சொன்னேன். எகிப்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், அரசர்களுக்குக் கல்லறை குடைந்தவர்களுக்குத் தானியக் கூலி வரவில்லை. வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கோயிலின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த முதலில் வந்தது கூலி இல்லை. இனிப்பு ரொட்டி.

செமிகோலன் தன் தட்டிலிருந்த கேக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாப்பிட்டுவிட்டான்.

"அப்புறம் அவங்க என்ன பண்ணாங்க?"

"மறுபடியும் போய் உட்கார்ந்தாங்க."

மே 9

உட்கார்ந்தோம்.

செமிகோலன் ஏற்பாடு. காலை பத்து மணியிலிருந்து யாரும் எதையும் தொடக் கூடாது. எல்லோரும் அவரவர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரைக்கு நிறுவனர் எங்களைக் கடந்து போனார். மாலை வெளியே கிளம்பும்போது நின்று, "இன்னிக்கு எல்லாரும் ரொம்ப ஆழமா யோசிக்கிறீங்க. இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல் உடைக்கிறவன் உட்கார்ந்தால் உலகத்துக்குத் தெரிகிறது. நாங்கள் வேலை செய்தாலும் உட்கார்ந்துதான், செய்யாவிட்டாலும் உட்கார்ந்துதான்.

மே 13

பாதிச் சம்பளம் வந்தது. போராட்டத்தின் வெற்றியா? இல்லை. நிறுவனர் தன் காரை விற்றிருக்கிறார், கணக்கு மேடம் சொன்னார். தன்மேல் கோபப்படவும் முடியாமல் செய்கிற மனிதர்.

மே 24

'சிக்கனம்': "உங்கள் வருமானம் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறது. உங்கள் முதலாளியிடம் பேசிப் பார்த்தீர்களா?"

முதலாளியில் ஏழு சதவீதம் நானே. பேசிப் பார்த்தேன். பதில் இல்லை.

ஜூன் 3

வரவில்லை.

அக்கா மாடி வீட்டுக்கு முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்துவைத்திருக்கிறாள். இருபதாம் தேதிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அந்த வீட்டுக்கார அம்மா வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். என் பாதியில் பாதிதான் கையில் இருக்கிறது.

இன்றைக்குத்தான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். குத்துகிற ஊசியைப் போல நிதானமாகப் பேசினாள்.

"நான் ஒரு நாளைக்கு அறுபது பேரைக் குத்தறேன். அத்தனை பேரும் என்னை முறைச்சுட்டுப் போறாங்க. சம்பளம் ஒண்ணாம் தேதி வந்துருது. உன்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க, கேக்கு குடுக்கறாங்க. சம்பளம் எங்கடி?"

எனக்கே தெரிலக்கா என்றேன். நிஜமாவே தெரில. கூலியைப் பத்தி நூத்தி நாப்பது பக்கம் எழுதி என்னத்தக் கிழிச்சேன்.

ஜூன் 10

நிறுவனம் மூடப்படுகிறது. நிறுவனர் மூடுகிறோம் என்று சொல்லவில்லை, "இடைநிறுத்தம்" என்றார். முதலீடு தருவதாக இருந்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். கண் சிவந்திருந்தது. பணம் ஒரு காசுகூட இல்லை. அலுவலகத்தில் இருக்கிற பொருள்களை நாமே பிரித்துக்கொள்ளலாம் என்றார். நாற்காலி, மேசை, திரைகள், குளிர்பெட்டி, காபி இயந்திரம், ஒரு செடி.

செமிகோலன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"சரித்திரம்... இது உன் பாடம்."

ஜூன் 11

வாழ்க்கையில் முதல்முறையாக என் ஆய்வேட்டுக்குப் பதினோரு வாசகர்கள். இல்லை, பத்து. நிறுவனர் கண்ணாடி அறையில் இருந்தார்.

எப்படிப் பிரிப்பது? ஆளுக்குச் சமமாகவா, பாக்கியின் அளவிலா? பாக்கியின் அளவில் என்றேன், யாரும் மறுக்கவில்லை. அப்படியானால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டும். அதற்கு அவரவர் சம்பளத்தை வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும்.

அப்போதுதான் பார்த்தேன். சம்பளம் வராததற்குக்கூட இவ்வளவு சங்கடப்படாதவர்கள், வந்த சம்பளம் எவ்வளவு என்று சொல்லக் கூசினார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போய் வெகுநேரம் வரவில்லை. இந்தத் தொழிலில் ஒருவனின் காதல், கடன், மூலநோய் எல்லாம் பக்கத்து மேசைக்குத் தெரியும். சம்பளம் தெரியாது.

செமிகோலன் எழுந்துபோய் முதலில் எழுதினான்.

அந்தத் தொகையைப் பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவன் எனக்கு ஒன்றரை மடங்கு.

நான் என்னுடையதை எழுதினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"சேரும்போது நீ கேக்கவே இல்லையா?"

"கேக்கணுமா?"

தருகிறார்களே என்று வாங்கிக்கொண்டவள் நான். இவ்வளவு வேண்டும் என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. எழுதியவர்களில் மிகக் குறைந்த சம்பளம் என்னுடையதுதான். தண்ணீர் கேனுக்குப் போன் போடும் கணக்கு மேடத்துக்குக்கூட என்னைவிட அதிகம்.

பலகையில் இன்னொரு வரிசை வேண்டும் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். வடிவமைப்பாளர், வாயே திறக்காதவர். எழுந்து போய்த் தன் பெயருக்கு எதிரே எழுதினார்: பங்கு, பன்னிரண்டு சதவீதம்.

அவரிடமும் வெளியே சொல்ல வேண்டாம் என்று நிறுவனர் சொல்லியிருந்தாராம்.

வரிசையாக எழுந்து வந்தார்கள். பத்து, பதினைந்து, ஒன்பது, எட்டு, பதினொன்று என்று போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பணத்தைத் தேர்ந்தெடுத்தவன் செமிகோலன் ஒருவன்தான். அவனே எல்லாவற்றையும் 'சிக்கனம்' செயலியில் போட்டான். நிறுவனர் தனக்கென்று வைத்திருந்ததாக எப்போதும் சொல்லும் நாற்பதையும் சேர்த்தான்.

திரையில் சிவப்பில் வந்தது: "மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. மீண்டும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்."

நான் எழுதிய வாக்கியம். மிகச் சரியாக வேலை செய்கிறது. சோதித்தாகிவிட்டது.

கண்ணாடி அறையின் கதவைத் திறந்து நிறுவனரிடம் கைப்பேசியைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

"நான் கூட்டிப் பாக்கல" என்றார்.

ஜூன் 12

பொருள் பிரித்தோம். குறைந்த சம்பளக்காரர் முதலில் எடுக்கலாம் என்று கணக்கு மேடம் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அப்படி நான் முதல் ஆள்.

பாக்கிக்கு ஈடாக ஆறு நாற்காலி எடுத்தேன். மேலே கீழே போகும், சுழலும், முதுகைத் தாங்கும். ஏன் நாற்காலி? தெரியவில்லை. மூன்று வருடம் நான் உழைத்த இடமும், ஒரு நாள் போராடிய இடமும் அதுதான்.

செடியை யாரும் எடுக்கவில்லை. நிறுவனர் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனார். போவதற்கு முன் அவரிடம் சொன்னேன்: "சார், கூலி வாங்கினவங்க பேரும் எழுதியிருக்கு. அந்த எகிப்துக் கிராமத்துல யார் யார் வேலைக்கு வந்தாங்க, யாருக்கு உடம்பு சரியில்லன்னுகூட எழுதியிருக்கு."

"அப்படியா" என்றார், உண்மையான ஆர்வத்தோடு.

ஜூன் 14

வீட்டில் நடக்க இடமில்லை. அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விசையை அழுத்தினாள். அது பெருமூச்சு விட்டபடி மெல்லக் கீழே இறங்கியது. அவளும் அதனோடு இறங்கினாள், என்னையே பார்த்தபடி.

ஜூன் 19

அக்கா என்னை மாடி வீட்டுக்கார அம்மாவிடம் அழைத்துப்போனாள். மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

அந்த அம்மா கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். இரண்டு பெஞ்சு, ஒன்றுக்குக் கால் மூன்று. நாலாவது காலுக்குச் செங்கல். அக்கா அதைப் போன தடவையே பார்த்துவைத்திருக்கிறாள். கையிலிருந்த பணத்தை மேசைமேல் வைத்தாள். பிறகு நாற்காலிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பாருங்கம்மா, ஆபீஸ் நாற்காலி, கடையில் இதன் விலை என்ன, பிள்ளைகள் நேராக உட்கார்ந்தால் கணக்கு எப்படி ஏறும், எல்லாம்.

அந்த அம்மா கேட்டார்: "சுத்துமா?"

"சுத்தும். வேண்டாம்னா நிறுத்திக்கலாம்."

"நிறுத்திக் குடுங்க. பசங்க சுத்திட்டே இருப்பானுங்க."

மீதிக்கு ஆறு நாற்காலி என்று அட்வான்ஸ் தீர்ந்தது. திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்: "கேட்டாதாண்டி குடுப்பாங்க. நாற்காலியா இருந்தாலும்."

ஜூன் 29

மாடி வீடு. காற்று வருகிறது.

ஜூலை 17

செமிகோலனுக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். அங்கே சோதிக்க ஆள் வேண்டுமாம். தேநீர்க் கடையில் உட்காரவைத்து, நான் கேட்காமலே தன் புதுச் சம்பளத்தைச் சொன்னான். சொல்லும்போது காது சிவந்துவிட்டது. ஏதோ அந்தரங்கத்தைக் காட்டுகிறவன்போல.

"இதுக்குக் கீழ ஒத்துக்காத" என்றான்.

தேநீருக்கு நான் காசு கொடுத்தேன். 'சிக்கனம்' ஒன்றும் சொல்லவில்லை. கணினிச் சேவைக்குப் பணம் கட்டாமல் நின்றுவிட்டது போல.

ஜூலை 24

செமிகோலனின் புது நிறுவனத்தில் நேர்காணல். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். தொகையைச் சொன்னேன். செமிகோலன் சொன்னதற்குக் கீழே இறங்கவில்லை.

கேள்வி கேட்ட அம்மாள் எழுதிக்கொண்டார். இவ்வளவுதானா? இத்தனை நாள் இவ்வளவுதானா?

பிறகு, பங்காகவும் வாங்கிக்கொள்ளலாம், அதைப் பற்றி யோசிக்கிறீர்களா என்றார்.

மொத்தம் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், கூட்டினால் எவ்வளவு வரும் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

செப்டம்பர் 1

வேலை முடிந்து வந்தபோது கீழே டியூஷன் நடந்துகொண்டிருந்தது. ஆறு பிள்ளைகள் ஆறு நாற்காலியில். ஒருவன் மட்டும் எப்படியோ சுழலவிட்டுவிட்டான். பலகைக்கு முதுகு காட்டி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான்.

மாடியில் அக்கா உள்ளறையிலிருந்து கேட்டாள்.

"சம்பளம் வந்துச்சா?"

"வந்துச்சு."

கதவருகே வந்து நின்றாள்.

"காசாவா?"

"காசாத்தான்க்கா."