மணல்மேட்டின் அடியில் உடைத்த பூசணிக்காய்

அண்ணாத்தே,

இன்று காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னால் நின்ற லாரி பாரத்தோடு மேடு ஏற முடியாமல் திணறியது. கிளச் எரியும் வாடை என் ஜன்னலுக்குள் வந்தது. யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்த புதிது. அந்த வண்டித் தொழிற்சாலையில் நீ பிட்டர், நான் சோதனை ஓட்டுநர். அப்பாவின் மீன் வேனைக் கத்திவாக்கத்திலிருந்து காசிமேட்டுக்கு ஓட்டிப் பழகிய கை என்னுடையது. பொம்பளை கையில் புது வண்டியா என்று அங்கே பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். உனக்கு மட்டும் அது ஒரு விஷயமே இல்லை. முதல் நாளே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இன்னாம்மே பாத்துகினு கீறே, வண்டிய எடு" என்றாய். அன்றிலிருந்து நாம் ஜோடி.

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்தப் புது வண்டி வந்தபோதுதான் சோதனை வந்தது, வண்டிக்கு மட்டுமல்ல, எனக்கும். கடலோரம் கம்பெனி ஒரு கரடுமுரடு மைதானம் போட்டிருந்தது. கருங்கல் கொட்டிய சரிவு, தண்ணீர்ப் பள்ளம், கடைசியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மணல்மேடு. மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இந்தம்மா இன்னிக்கு மேட்டுல ஏத்தட்டும். டிராக்டர் கட்டி இழுக்கிற மாதிரி ஆச்சுன்னா, நாளைலேர்ந்து இந்த சீட்டுக்கு வெளியூர் டிரைவர் வருவான்." திரும்பவும் மீன் வேனுக்குப் போக எனக்கு மனமில்லை. மீன் வேன் மட்டமில்லை, ஆனால் இந்த சீட்டை நான் யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

பூஜை உன் பொறுப்பு. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாய், கற்பூரம் காட்டினாய். எல்லாரும் கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைப்பார்கள். நீயோ அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தின் கோடிக்கே போனாய். ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டுல ஒடச்சா கேட்டு திருஷ்டிதான் போவும். நமக்கு பேஜாரு குடுக்கறது மேடு. அங்கதான் ஒடைக்கணும்" என்றாய். இப்படி ஒரு நியாயம் உனக்கு மட்டும்தான் தோன்றும். சரியாக மேட்டின் அடியில், சக்கரம் ஏறும் இடத்தில் போட்டு உடைத்தாய்.

கல்லையும் தண்ணீரையும் அலட்சியமாகத் தாண்டினேன். மேட்டில் முன்சக்கரம் வைத்ததுதான் தாமதம், பூசணிச் சதையில் வழுக்கி வண்டி கோணிக்கொண்டது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க, பின்சக்கரம் மணலைப் பறித்துக்கொண்டு உள்ளே போனது. கிளச் வாடை குப்பென்று ஏறியது. ஜன்னல் வழியே தெறித்து என் முகமெல்லாம் பூசணி விதை. டிராக்டர்காரன் கயிற்றை எடுத்துவிட்டான்.

"கவுத்த கீழ போட்றா!" என்று கத்திக்கொண்டே பக்கத்து சீட்டிலிருந்து நீ குதித்தாய். பூஜைக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு, இரண்டு கையாலும் சதையை வழித்து எறிந்தாய். நான் வந்த தடத்திலேயே மெல்லப் பின்னுக்கு எடுத்தேன். "அண்ணாத்தே, டயர்ல காத்து எறக்கு. நல்லா தொளதொளன்னு ஆவட்டும்" என்றேன். கடற்கரை மணலில் வேனைப் புதைத்துப் புதைத்து நான் கற்றது அது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. நான்கு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு, மேட்டின் உச்சிக்கு ஏறி, வண்டிக்கு நேர் எதிரே நின்றாய்.

"யோவ், முன்னாடி நிக்காதே!" என்று மேனேஜர் அலறினார்.

"அவ ஓட்றா சார், ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய். "மண்ணு இங்க கெட்டியா கீது. என் மூஞ்சிய பாத்துகினே வாம்மே!"

உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவசரப்படவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. நீ ஒதுங்கிய இடத்தில் வண்டி நின்றது. அங்கிருந்து கடல் தெரிந்தது, அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. மேனேஜர் மூச்சு வாங்க மேலே வந்து, முதல் தடவை என்ன ஆச்சு என்று கேட்டார். "பூசணிக்கா ஒடச்சது நானு. மேல ஏத்துனது அவ. ரிப்போர்ட்டுல மாத்தி எய்திடாத சார்" என்றாய். வெளியூர் டிரைவர் யாரும் வரவில்லை. அந்த சீட் ஏழெட்டு வருடம் என்னுடையதாகவே இருந்தது.

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரி வாசலில் உன்னை அமரர் ஊர்தியில் ஏற்றிவிட்டு, டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உன் தம்பி யாருக்கோ போன் போட்டான். அண்ணி அவனைத் தடுத்தாள். "வேற ஆளு வோணாம். இவ ஓட்னா வண்டில நிம்மதியா தூங்கலாம்னு சொல்லிகினே இருப்பாரு. இவளே ஓட்டட்டும்" என்றாள்.

இத்தனை வருடம் இதை என்னிடம் நீ சொன்னதே இல்லை. அழுதுகொண்டேதான் ஓட்டினேன். ஆனால் வியாசர்பாடியில் உன் வீடு வரை ஒரு பள்ளத்தில்கூட உன்னைக் குலுக்கவில்லை, அண்ணாத்தே. அதற்குப் பிறகு, என்னால் முடியுமா என்று எந்த மேட்டின் முன்னாலும் நான் தயங்கி நின்றதில்லை.