கடைசி வீடு வரை போன நீலக் கோடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, கெஞ்சிக் கேட்கிறேன். உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அந்த வெல்டர் அண்ணனிடம்கூட வேண்டாம், தங்கமானவர் என்று எழுதியிருந்தாய், தங்கமாகவே இருக்கட்டும், ஆனாலும் காட்டாதே. படித்ததும் கிழித்து எரித்துவிடு. எப்போதும் போல அம்மா சொல்கிறாள், நான் எழுதுகிறேன், ஆனால் எப்போதும் போல முன்னறையில் மேசை போட்டு இல்லை. சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே இரண்டு பேரும் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறோம், மெழுகுவத்தியை ஒரு பாத்திரத்துக்குள் நிறுத்தி வைத்திருக்கிறாள் அம்மா, வெளிச்சம் சன்னலில் தெரியக் கூடாதாம். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாகப் போகிறது, கண்டுகொள்ளாதே. நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள், எந்த நிலையிலும் அதை மட்டும் விட மாட்டாள். சரி, அப்படியே எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் கை கால் முழுதாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இதற்கு முன்னால் உனக்கு இன்னொரு கடிதம் வந்திருக்கும். அதுவும் என் கையெழுத்துதான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உடனே புறப்பட்டு வா என்று அதில் இருக்கும். அதை நம்பாதே. அப்பா சொன்னார், நான் எழுதினேன். அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை. இன்று காலைகூடக் குழாயடியில் முறை தவறிக் குடத்தை நீட்டிய பேக்கரிக்காரர் மனைவியை, ஏம்மா உனக்கு மட்டும் வரிசை தலைகீழா ஓடுதா என்று கேட்டுத் தெருவையே கூட்டிவிட்டாள், படுத்த படுக்கையானவள் செய்கிற காரியமா அது. இரண்டு கடிதமும் ஒரே கையெழுத்தாக இருந்தால் எதை அவன் நம்புவான் என்று நான் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். நீ முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த கட்டம் போட்ட சட்டையை அவள் இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கிவிட, அது கொடியிலிருந்து காற்றில் பறந்துபோய்விட்டது என்று நீயும் அவளுமாகச் சேர்ந்து அப்பாவிடம் சாதித்தீர்களாமே. அதை எழுது, அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்றாள். எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. பாவம் அப்பா, காற்றடிக்கும் நாளில் இன்னமும் அந்தச் சட்டையைப் பற்றிப் பேசுவார். இதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆகையால் இதை நம்பு அண்ணா. வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் அது போகட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நீ போன பிறகு இங்கே எல்லாம் மாறிவிட்டது. போன் செத்துக் கிடக்கிறது, ராத்திரியில் கரண்ட் இல்லை. தெருவுக்குத் தெரு காவல் குழு என்று வைத்திருக்கிறார்கள், நம் தெருவுக்குச் சிமெண்ட் கடைக்காரர் தலைவர். யார்கிட்ட இருந்து காவல் என்று அம்மா கேட்டதற்கு, அக்கா நீங்க வெகுளி, பக்கத்துலயே இருந்து குழி பறிக்கிறாங்களே, அவங்ககிட்ட இருந்துதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டெய்லர் மாமா போன்றவர்களைத்தான் சொல்கிறார். அவர்கள் கும்பிடும் இடம் வேறு, பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் விதம் வேறு, எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். உன் கால்சட்டைகளை வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்து இறக்கி விட்டவர் அவர். அவர் எந்தக் குழியைப் பறித்தார் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலில் அவர்கள் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார்கள், பிறகு அவர்கள் வரவே இல்லை. டீச்சர் பெயர் கூப்பிடும்போது அந்தப் பெயர்களைத் தாண்டிப் போகிறார், யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது எங்கள் பெஞ்சில் தாராளமாக உட்கார இடம் இருக்கிறது, அதில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது. போன வாரம் அடுத்த தெருவில் பூட்டு ரிப்பேர் கடையை எரித்தார்கள். அந்தப் பூட்டுக்காரர் மறுநாள் நடைபாதையில் உட்கார்ந்து கருகிப்போன சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வளையத்தில் கோத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஊரார் கொடுத்துவைத்த சாவி. எரித்தவர்கள் வீட்டுச் சாவியும் அதில் இருக்கும். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அதை எரித்த பையன்களில் நிறையப் பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள், யார் வீடு எது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் நம் ஆட்கள் வீட்டு நிலைக்கு மேலே ஒரு நீலக் கோடு போட வேண்டும், கோடு இருக்கும் வீட்டைத் தொட மாட்டார்கள் என்று குழுவில் முடிவு செய்தார்கள். பெயிண்டர் வேறு யார் இருக்கிறார்கள், அப்பாவிடம்தான் வந்தார்கள். முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அப்பா எப்படி வேலை செய்வார் என்று உனக்குத் தெரியும், நீயும் நூல் பிடித்தவன்தானே. நம் வரிசை முழுக்க ஒரே சுவர், ஆகவே நூலின் ஒரு முனையை நம் வீட்டு ஆணியிலும் மறு முனையைக் கடைசி வீட்டு மழைநீர்க் குழாயிலும் கட்டி, நீலப்பொடி தடவி, நடுநடுவே நான் அழுத்திப் பிடிக்க அவர் சுண்டிவிட்டார். பிறகு ஏணியை நகர்த்தி நகர்த்தி அந்தத் தடத்தின் மேலேயே தூரிகையை ஓட்டினார். கடைசி வீடு டெய்லர் மாமா வீடு. அப்பா அங்கே நிற்கவில்லை. கோடு பாதியில நின்னா பெயிண்டர் பாதியில செத்துட்டான்னு அர்த்தம் என்று நம்மிடம் சொல்லிச் சிரிப்பாரே, அதே மாதிரி சுவர் முடியும் வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு ஏணியை மடக்கினார். எனக்குத் தெரிந்தது அண்ணா. அப்பா, இது அவங்க வீடு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்து செய்தாரா, கைப்பழக்கமா என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

சாயங்காலமே சிமெண்ட் கடைக்காரர் வந்தார். என்ன பெயிண்டரே, கண்ணு மங்கிடுச்சா, யாரு வீடு எதுன்னுகூடத் தெரியலையா என்றார். நூலு அங்க கட்டியிருந்துச்சுங்க, கை அப்படியே போயிடுச்சு என்றார் அப்பா. நூலு கட்டியிருந்தா கிணத்துக்குள்ளயும் போவியா என்று அவர் கேட்க, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். உன் கையால போட்டதை உன் கையாலயே சுரண்டு என்றார்கள். அதற்குள் ஏணியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். டெய்லர் மாமா உள்ளே போய், தையல் மெஷினுக்கு முன்னால் தான் உட்காரும் முக்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு, ஏறி நில்லுங்க பெயிண்டரே, எட்டாது, சுரண்டும்போது கண்ணை மூடிக்குங்க, தூசு விழும் என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. டெய்லர் அத்தைக்கு இது நிறைமாசம், இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அதனால்தான் அவர்கள் எங்கேயும் போக முடியாமல் இருக்கிறார்கள். சின்ன வயதில் பொத்தானை விழுங்கி எல்லாரையும் ஓட வைத்தாளே, பொத்தான் என்று நீ பெயர் வைத்தாயே, அவர்கள் வீட்டுக் குட்டி, அவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, பெயிண்டர் மாமா, அழகாத்தானே இருந்துச்சு, எதுக்கு அழிக்கிறீங்க என்று கேட்டாள். வேற கலர் அடிக்கலாம்னு என்றார் அப்பா. அப்ப ரோஸ் அடிங்க என்றாள். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, கையைக் கழுவவும் இல்லை, அப்படியே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை. அப்பாவிடம், உன் கையை நம்ப முடியாது, உன் பையனைக் கூப்பிடு, வீட்டுக்கு ஒரு இளவட்டம் குழுவுக்கு வரணும் என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் நம் வீட்டுக் கோட்டையும் சுரண்டச் சொல்வார்களாம். அந்தப் பயத்தில்தான் அப்பா அந்தக் கடிதத்தை எழுத வைத்தார். அவரை மனதுக்குள் திட்டாதே என்று அம்மா சொல்லச் சொல்கிறாள். கடிதத்தைச் சொல்லும்போது, அம்மா படுக்கையில் கிடக்கிறாள் என்ற இடத்தில் அவரே நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டு வந்தார். நீ வந்தால் உன் கையில் ஒரு கட்டையைக் கொடுப்பார்கள் அண்ணா. கடைசி வீட்டுக் கதவை முதலில் உன்னை உடைக்கச் சொல்வார்கள், நீ உடைத்தால்தான் நம்பிக்கையாம். பேக்கரிக்காரர் மகனுக்கு அப்படித்தான் நடந்தது, பூட்டுக் கடையில் முதல் கல் அவன் கல். இப்போது அவன் யாரோடும் பேசுவதில்லை. என் மகன் எங்க இருந்தாலும் பசியோட இருந்தாக்கூடப் பரவாயில்லை, இப்படி ஒரு கையோட திரும்பி வர வேண்டாம் என்கிறாள் அம்மா. இதை அப்படியே எழுது, ஒரு வார்த்தை மாத்தாதே என்றாள், மாற்றவில்லை.

இப்போது இன்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், இதுதான் எனக்கு மிகவும் பயம். இருட்டியதும் அப்பா காவலுக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, விடியறதுக்குள்ள வெளிப் பையனுங்க நம்ம தெருவுக்கு வர்றாங்களாம் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அவர் போன பிறகு அம்மா பின்கட்டுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள், நானும் போய்ப் பார்த்தேன். வேலை முடிந்தால் பெயிண்ட் டப்பா மூடியைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கி வைப்பவர் அப்பா, காற்றுகூடப் போகாது. இன்று மூடி சும்மா மேலே வைத்திருந்தது. தூரிகை கழுவி, மயிர் நீவி, டப்பாவின் மேல் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் நூல். அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நூலை எடுத்துக்கொண்டாள், டப்பாவையும் தூரிகையையும் நான் தூக்கிக்கொண்டேன். குழுவில் எல்லாரும் தெரு முனையில் சிமெண்ட் கடை வாசலில்தான் இருந்தார்கள், கடைசி வீட்டுப் பக்கம் கும்மிருட்டு. டெய்லர் மாமா வீட்டில் விளக்கு இல்லை, அந்த முக்காலியை அவர்கள் உள்ளே எடுக்காமல் விட்டிருந்தார்கள். அம்மா அதில் ஏறினாள். அவள் ஜென்மத்தில் தூரிகை பிடித்ததில்லை. நான் நூலைக் குழாயில் கட்டிச் சுண்டினேன், இருட்டில் தடம் தெரியாமல் கையாலேயே தடவித் தடவிக் காட்டினேன். சுரண்டிய இடம் சொரசொரவென்று இருந்தது. கோடு நேராக வரவில்லை அண்ணா, அப்பா பார்த்தால் இது யார் போட்ட புழு என்பார். ஆனால் சுவர் முடியும் வரை போட்டுவிட்டோம். உள்ளே பொத்தான் இருமுவது கேட்டது, யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். நாங்கள்தான் என்று சொல்லக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. காலையில் மறுபடி சுரண்டச் சொல்வார்கள் என்றேன், சொல்லட்டும், இந்த ராத்திரி போகட்டும் என்றாள் அம்மா. காற்றில் ஈரம் இருப்பதால் பெயிண்ட் காயவே மாட்டேன் என்கிறது. யாராவது விரல் வைத்துப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். டர்பன்டைன் போட்டுத் தேய்த்தும் என் நகங்களில் நீலம் போகவில்லை, வீடெல்லாம் அந்த வாடை.

காலையில் பால் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புவோம், தபால் ஆபீசில் பிரிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். வெல்டிங் செய்யும் இடத்தில் நிற்கும்போது கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள் என்கிறாள் அம்மா. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. ராத்திரி வேலை முடிந்து தனியாக நடக்காதே. அங்கே உன் பெயரைக் கேட்டு யாராவது முகம் மாறினால் வீண் வார்த்தை விடாமல் வந்துவிடு, ஆனால் வேறொருவர் பெயரைக் கேட்டு உன் முகம் ஒருநாளும் மாறக் கூடாது. நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடியில்லாமல், யாருக்கும் பயப்படாமல், உன்னைப் பார்த்து யாரும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக எழுதச் சொல்கிறாள், கை என் தலையில்தான் இருக்கிறது. அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது, சட்டையைப் பற்றி ஏதாவது எழுது, அவருக்கு ஆறுதலாக இருக்கும். அப்பா வந்தால் கதவைத் தட்ட மாட்டார், வெளியே நின்று செருமுவார், அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருக்கிறோம். மறக்காதே, என்ன கடிதம் வந்தாலும் வராதே.

இப்படிக்கு,
அம்மா சொல்ல எழுதிய உன்

அண்ணா, கதவைத் தட்டுகிறார்கள். செருமல் இல்லை. என் நகத்தில் இன்னும் நீலம்