இரண்டாவது கையெழுத்து

புரட்டாசி 3, வெள்ளி

வெயில். மேகம் கூடிக் கலைந்தது. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது, என் வயலில் வெடிப்பு. சம்பா விதைத்து இருபத்திரண்டு நாள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டவர்கள் என் வயலுக்குத் தண்ணீர் பாயும் குழாயையும் பக்கத்து வயல் சரோஜாவின் குழாயையும் முக்கால் அடி உயர்த்தி வைத்துவிட்டார்கள். தண்ணீர் குழாய்க்குக் கீழேயே போகிறது. சரோஜா, செத்துப்போன என் தம்பியின் மனைவி.

என் புகாருக்கு டில்லியிலிருந்து பதில். இந்த வாய்க்கால் திட்டத்துக்குக் கடன் கொடுத்த வங்கியின் இந்திய அலுவலகம். ஒற்றை ஆளின் புகாரை ஏற்கமாட்டார்களாம். பாதிக்கப்பட்டவர் இரண்டு பேராவது வேண்டுமாம்.

அவர்கள் வலைத்தளத்தை அகராதி வைத்து மூன்று நாள் படித்தேன். காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டது:

தலைவர், வெளிநாட்டுக்காரர். சில வருடம் இருப்பார். நம் ஊர்ப் பெயர்கள் வாயில் நுழைகிற நேரத்தில் மாற்றல்.
அவருக்குக் கீழே பாசனம், சாலை, மின்சாரம் என்று துறைக்கொரு அதிகாரி.
பாசனக் குழுவின் தலைவர் டில்லியிலேயே இல்லை. கடல் தாண்டித் தலைமை அலுவலகத்தில்.
ஆலோசகர்கள், நாள் கூலி. நம் நடவாட்கள் போலத்தான். இவர்கள் விமானத்தில் வருவார்கள்.
புகார் கேட்க ஓர் அம்மாள்.

வங்கி எதையும் கட்டாது. அரசு கட்டும். வங்கி "ஆட்சேபணை இல்லை" என்று எழுதும். எட்டாவதோடு நின்ற எனக்கே விளங்குகிறது. அத்தனை நாற்காலி, ஒன்றில்கூடப் பொறுப்பு உட்காரவில்லை.

புரட்டாசி 4, சனி

இரண்டாவது கையெழுத்துக் கேட்டு சரோஜா வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள், தண்ணீர்க் காப்பி.

"வேணாம் மாமா. கவிதா அந்த ஆபீஸ்லதானே வேலை பாக்குறா."

அவள் மகள் கவிதா. சீர்காழியில் திட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், ஒப்பந்த வேலை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"பயிர் கருகினா ஆபீஸ்காரன் வந்து சோறு போடுவானா?"

"என் பேரு மட்டும் வெளிய தெரியாமப் பாத்துக்குங்க."

"சரி, போடு."

போட்டாள்.

சீர்காழி பிரவுசிங் சென்டர். கூட்டம். படிவத்தில் ஒரு கேள்வி: பெயர்களை ரகசியமாக வைக்க வேண்டுமா? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டம். "இல்லை" என்று போட்டேன். நான் என்ன கோழி திருடினேனா?

திரும்பும்போது செருப்பு வார் அறுந்தது.

புரட்டாசி 9, வியாழன்

புழுக்கம். இடது முழங்கால் வலி.

புகார் டில்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு, அங்கிருந்து சீர்காழிக்கு. யார்மேல் புகாரோ அந்த உதவிப் பொறியாளன், ஏ.இ., அவன் மேசைக்கே வந்துவிட்டது. விதி அப்படியாம். முதலில் கீழேயே தீர்க்கப் பார்க்க வேண்டுமாம். பதிவேட்டில் ஏற்றியவள் கவிதா.

சாயங்காலம் வந்தாள். உட்காரவில்லை.

"அம்மா பேர நானே டைப் பண்ணேன் பெரியப்பா. ஏ.இ. பின்னாலயே நின்னாரு. 'உங்க அம்மாவா? கையெழுத்து அழகா இருக்கே'ன்னாரு."

"பயந்தா பிழைக்க முடியாதும்மா."

"நீங்க பயப்படல. எங்கள எடுத்து முன்னால நிறுத்திட்டு நீங்க பயப்படல."

படித்த திமிர்.

புரட்டாசி 13, திங்கள்

வங்கிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். நாலு கார். புதிதாகப் பெயிண்ட் அடித்த பெரிய மதகில் நின்று போட்டோ. எங்கள் வாய்க்காலுக்குப் புகார் அம்மாள் மட்டும் வந்தார். திருச்சிக்காரர். சேற்றில் இறங்கி அவரே டேப் பிடித்து அளந்தார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். அறிக்கையில எழுதுறேன்."

"எழுதினா இறக்குவாங்களா?"

"நாங்க எழுதத்தான் முடியும் சார். உத்தரவு போட முடியாது."

நல்ல பெண். ஒன்றுக்கும் உதவாத நல்ல பெண். பிறகு எல்லோரும் திருக்கடையூருக்கு, சாமி கும்பிட.

கவிதாவின் ஒப்பந்தம் இன்றோடு முடிந்ததாம். ஏ.இ. என்னைத் தனியே கூப்பிட்டான்.

"வாபஸ் வாங்கிடுங்க பெரியவரே. நாளைக்கே ரெண்டு குழாயும் இறங்கிடும். பொண்ணுக்கும் வேலை."

"எழுத்துல மன்னிப்புக் கேளு. வாங்குறேன்."

சிரித்தான். "பயிர் எத்தன நாளுங்க தாங்கும்?"

புரட்டாசி 15, புதன்

சரோஜா வாபஸ் வாங்கிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மிச்சம் ஒரே ஆள். டில்லிக்கு அந்தப் புகார் இனித் தகுதியில்லை. கவிதா வேலைக்குப் போய்விட்டாள். "புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று எனக்கு வந்த கடிதம் அவள் அடித்ததாகத்தான் இருக்கும். பிழை இல்லை.

சரோஜாவின் குழாயை இறக்கிவிட்டார்கள். என்னுடையது அப்படியே.

புரட்டாசி 17, வெள்ளி

என் வயலுக்கு மேலே அவள் வயல், நிறையத் தண்ணீர். மேல் வயல்காரன் வரப்பை வெட்டிக் கீழ் வயலுக்குத் தண்ணீர் விடுவது இங்கே வழக்கம். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் வெட்டினால் திருட்டு.

மண்வெட்டியோடு நின்றாள்.

"ஒரு வார்த்த கேளுங்க மாமா. வெட்டி விடுறேன்."

"என் தம்பி இருந்தா நீ என்னை இப்படி நிக்க வெப்பியா?"

"அவரு இருந்திருந்தா அந்தக் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்."

வந்துவிட்டேன்.

புரட்டாசி 19, ஞாயிறு

மழை இல்லை. வடக்கு மூலையில் பயிர் வெளுத்துவிட்டது. மற்றதெல்லாம் சுருள்கிறது. வரப்போரம் மட்டும் நாலு முழம் பச்சை. குனிந்து பார்த்தேன். நண்டு வளை. அவள் வயல் தண்ணீர் அது வழியாகக் கசிகிறது.

சரோஜா களை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். நான் கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பாள், முகம் இளகியது.

"வரப்புல நண்டு வள இருக்கு. உன் தண்ணி வீணாப் போவுது. அடச்சுக்க."

மத்தியானம் அடைத்துவிட்டாள்.