இறக்கை நுனியில் வெள்ளைப் புள்ளி

குற்றாலம்,
18 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சங்கரி எழுதுவது. நீங்கள் போனில் என் நம்பரைத் தடுத்து ஏழு மாதம் ஆகிறது. கோயம்புத்தூர் விலாசத்தை உங்கள் கூட்டாளி நல்லதம்பி அண்ணாச்சியிடம் கெஞ்சி வாங்கினேன். கடிதத்தைத் தடுக்க பட்டன் கிடையாது என்ற தைரியம்தான்.

சாரல் தொடங்கிவிட்டது. லாட்ஜில் ஓர் அறைகூடக் காலி இல்லை. காலையில் வேலைக்குப் போனதும் பின்சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன். ட்யூப் லைட்டுக்கு வந்த அந்துப்பூச்சிகள் விடிந்த பிறகும் அப்படியே ஒட்டியிருக்கும். "ஏட்டி, பூச்சியப் பாத்துக்கிட்டு எதுக்கு அழுவுத?" என்கிறாள் பெருக்குகிற உலகம்மை.

நேற்று ஒன்று வந்தது. பட்டாளத்துச் சட்டை போலப் பச்சை, நடுவில் ரோஸ். அரளி அந்து என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதே சாயலில், இறக்கை நுனியில் வெள்ளைப் புள்ளியோடு இன்னொன்று உண்டே, நாம் பார்க்கவே பார்க்காதது. இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். நுனியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது.

இரண்டு பேரும் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நம் பூச்சி நோட்டில் பெயர் ஏறும். ஆறு வருஷமாக அப்படித்தான். இது பறந்துவிட்டாலும் சாரல் தீருமுன் இன்னொன்று வரும். ஒரே ஒரு நாள் வாருங்கள். என்னோடு பேசக்கூட வேண்டாம்.

உங்கள்
சங்கரி

கோயம்புத்தூர்,
2 ஜூலை 2025

சங்கரேஸ்வரிக்கு,

அப்பா செத்த அன்று ராத்திரி ஆய்க்குடி வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடந்து பதினோரு தடவை என்னைக் கூப்பிட்டார். பூச்சி வருவதற்காக வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைக்கும் நேரத்தில் சத்தம் வேண்டாம் என்று என் போனை வாங்கி அணைத்தவள் நீ. "செத்த நேரத்துல என்ன ஆயிரப் போவுது அத்தான்" என்றாய். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

வக்கீல் எழுதிய மனுவை இதோடு வைத்திருக்கிறேன். சம்மதித்துப் பிரிவதற்கு. பிரிந்து ஒரு வருஷம் ஆனதும் தாக்கல் செய்வார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீயும் போட்டு அனுப்பு.

போட்டோவில் இருப்பது வெள்ளைப் புள்ளிதான். அரளி அந்து இல்லை, மற்றது. பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நோட்டில் ஒட்டிக்கொள். இனிமேல் பூச்சியைப் பற்றி எழுதாதே.

மகாராஜா

குற்றாலம்,
9 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனை அணைத்தது நான்தான். சாகும்வரை அது நான்தான். அன்றிலிருந்து என் போனை ஒரு நிமிஷம்கூட அணைத்ததில்லை. குளிக்கும்போதும் வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

இன்னொரு தப்பும் செய்தேன். போட்டோ எடுத்துப் பத்து நிமிஷத்தில் வெயில் வந்தது. அந்த வெள்ளை காய்ந்து போனது. அது சாரல் துளி, அத்தான். பூச்சி அரளி அந்துதான். தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன். சந்தேகம் இருந்தால் பார்க்க வருவீர்கள் என்று நம்பினேன். நேரில் பார்க்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போடாத மனுஷர், இந்தத் தடவை போட்டுவிட்டீர்கள்.

மனுவை மூன்று தடவை படித்தேன். இனி சேர்ந்து வாழ முடியாது என்று இருக்கிறது. அதற்குக் கீழேயும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஏழு மாதத்துக்கு மேலாக என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லையே.

வாருங்கள், அத்தான். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நேரில் பார்த்த பிறகும் அதுதான் உண்மை என்றால், உங்கள் கண் முன்னாலேயே போட்டுத் தருகிறேன். அதுவரை மனு நம் நோட்டில் இருக்கட்டும், பெயர் தெரியாத பூச்சிகளின் பக்கத்தில்.

உங்கள்
சங்கரி