இடக்கைக்காரர் எழுதிய புத்தகம்

மார்ச் 3
நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, ஞாபகத்துக்குக் குறைவில்லை.

காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வந்தார். கையில் கோல்ஃப் ஆட்டம் கற்றுத்தரும் பழைய புத்தகம். எழுதியவர் அவர் அப்பாவாம். பன்னிரண்டு வருஷம் நான் கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த அதே ஐயா!

"அப்பா போனப்போ நான் கைக்குழந்தை. வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல. படத்துல நிக்கிறது அவர்தானா? நீங்கதான் சொல்லணும்."

எல்லாப் படத்திலும் தொப்பி முகத்தை மறைக்கிறது. ஆனால் அடிக்கிறவன் வலக்கைக்காரன். ஐயா இடக்கை. பீச்சாங்கை என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்வோம்.

"இது அவர் இல்லம்மா." வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

"அப்ப எனக்கு எதுக்கு இது?" புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 4
புத்தகம் இருக்கும் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.

மார்ச் 5
அடிப்பதற்கு முன் ஐயா ஒரு குதிகாலைக் கொக்கு மாதிரி தூக்குவார். படத்திலும் தூக்கியிருக்கிறது. எவனோ ஒருவனுக்கு அவர் குதிகால் எப்படி வந்தது?

மார்ச் 6
சவரம் செய்யும்போது பார்த்தேன் — கண்ணாடியில் என் இடப்பக்கச் சட்டைப்பை வலப்பக்கம் தெரிகிறது. கத்தி நின்றுவிட்டது. புத்தகத்தைப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் சட்டைப்பை வலப்பக்கம்!

கண்ணாடியில் காட்டினேன். அடேயப்பா! ஐயா நிற்கிறார். இடக்கையோடு, அப்படியே. வாங்குகிறவர்கள் வலக்கைக்காரர்கள் என்று படத்தையெல்லாம் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள்.

"அப்ப எழுதியிருக்கிறது எந்தக் கைக்கு, மாமா?" என்றாள் மருமகள். படிக்கச் சொன்னேன். குடையைப் பிடித்து நின்று, அவள் படிக்கப் படிக்கச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு வரியும் வலக்கைக்குச் சரி. தன் உடம்பையே மனசுக்குள் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறார். இருநூறு பக்கம்! ஓரிடம் பிசகவில்லை. மனுஷன்தானா அவர்?

நான் ஒரு அவசரக்குடுக்கை. அந்த அம்மாவுக்கு உடனே போன் போடச் சொன்னேன்.

மார்ச் 8
வந்தார். புத்தகத்தை நெஞ்சோடு விரித்துப் பிடித்துக் கண்ணாடி முன்னால் நின்றார். மேலே மகள், கீழே அப்பா.

"என்னைவிடச் சின்னப்பையனா இருக்காரே!" சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

போகும்போது தயங்கினார். "இந்தக் கண்ணாடியையும் எடுத்துக்கட்டுமா?"

"எந்தக் கண்ணாடியும் காட்டுமேம்மா."

"இதுலதானே முதல்ல பார்த்தேன்."

ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 9
கன்னத்தைத் தடவித் தடவியே சவரம் முடித்தேன். இரண்டு இடத்தில் கீறல்.